மாவோரி மூதாதையர் நிலம்: விற்பதைத் தடுப்பது எது, நிர்வகிப்பது யார்?

மாவோரிகள் நியூசிலாந்தின் பூர்வகுடிகள். அங்குள்ள மாவோரி நில நீதிமன்றம் 'பாத்தாக்கா ஃபெனுவா' என்றொரு இணையவாசலை நடத்துகிறது. அதில் ஒரு நிலத்துண்டின் பெயரைத் தட்டினால் பரப்பு, வரைபடம், உரிமையாளர் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பங்கு எண்ணிக்கை எல்லாம் வந்துவிடும். முதல்முறை பார்ப்பவர் பட்டியலின் நீளத்தைக் கண்டே மலைத்துப்போவார். சில ஹெக்டேர் நிலத்துக்கு நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். ஒருவருக்கு 12 பங்கு, அடுத்தவருக்கு 0.375. பலர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். வாரிசு மாற்றம் நடக்காததால் ஏட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறார்கள்.

கூட்டுப்பட்டா மாதிரிதானே என்று கடந்துவிட வேண்டாம். கூட்டுப்பட்டாவில் ஒருவர் தன் பங்கைப் பிரித்து யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். இங்கே அது முடியாது. ஏன் முடியாது என்பதற்கும் பட்டியல் இவ்வளவு நீண்டதற்கும் காரணம் ஒன்றுதான். அது 1865-ல் தொடங்குகிறது.

பட்டியல் வருவதற்கு முன்

மாவோரி மொழியில் 'ஃபெனுவா' என்றால் நிலம். நஞ்சுக்கொடிக்கும் அதே சொல்தான். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைக் குடும்ப நிலத்தில் புதைப்பது இன்றும் தொடரும் வழக்கம். நிலத்தின் மேல் உரிமை வர வழிகள் இருந்தன: மூதாதையர் வழி, போரில் வென்ற வழி, ஒருவர் கொடுத்த வழி. எந்த வழியில் வந்தாலும் 'அஹி கா', அதாவது அங்கே எரியும் அடுப்பு அணையாமல் இருக்க வேண்டும். பல தலைமுறையாக யாரும் திரும்பிப் பார்க்காத நிலத்தில் உரிமை ஆறிப்போகும். நிலம் 'ஹபூ' என்ற கிளைக்குலத்துக்குச் சொந்தம். ஒரு குடும்பத்துக்கு விலாங்குமீன் பிடிக்கும் ஓடை, இன்னொன்றுக்குப் பறவை பிடிக்கும் மரம் என்று ஒரே இடத்தில் உரிமைகள் அடுக்கடுக்காக இருந்தன. தனக்கென்று வேலி போட்டு விற்கும் அதிகாரம் தனி மனிதருக்கு இல்லை.

1840 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான வைத்தாங்கி உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, மாவோரிகளின் நிலம், காடு, மீன்வளம் அவர்கள் வசமே இருக்கும் என்று உறுதி தந்தது. விற்க விரும்பினால் பிரிட்டிஷ் முடியரசுக்குத்தான் விற்க வேண்டும் என்றும் சொன்னது. முடியரசு மலிவாக வாங்கியது. தென் தீவின் பெரும்பகுதியை உள்ளடக்கிய 1848-ஆம் ஆண்டு கெம்ப் கிரயத்துக்குக் கொடுத்த விலை 2,000 பவுண்டு. வட தீவில் போர் மூண்டதும் 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் வைக்காட்டோ பகுதியில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் பறிமுதலானது.

பறிமுதலைவிட அதிக நிலத்தைக் கொண்டுபோனது காகிதம். 1862, 1865 சட்டங்கள் முடியரசின் தனி வாங்கும் உரிமையை நீக்கி, 'நேட்டிவ் நில நீதிமன்றம்' என்ற ஒன்றை அமைத்தன. இன்றைய மாவோரி நில நீதிமன்றம் அதன் நேரடி வாரிசு. 1947-ல் பெயர் மட்டும் மாறியது. ஹபூவின் உரிமையை ஆங்கிலேயச் சட்டம் புரிந்துகொள்ளும் பத்திரமாக மாற்றுவதே அதற்குத் தரப்பட்ட வேலை. 1865 சட்டப்படி ஒரு பத்திரத்தில் அதிகபட்சம் பத்துப் பெயர்களே எழுதப்பட்டன. குலத்தார் அந்தப் பத்துப் பேரைத் தங்கள் காவலர்கள் என்று எண்ணினார்கள். சட்டம் அவர்களையே முழு உரிமையாளர்கள் என்றது. ஹாக்ஸ் பே பகுதியின் ஹெரெத்தாவுங்கா பிளாக் (தனிப் பத்திரமுள்ள நிலத்துண்டு) 1866-ல் இப்படிப் பத்துப் பேர் பெயருக்கு வந்தது. கடைக்காரர்களிடம் வாங்கிய கடனும் அடமானமும் நெருக்க, ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். சில ஆண்டுகளில் நிலம் கைமாறிவிட்டது. இதற்காக 1873-ல் விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது.

அதே 1873-ல் வந்த புதிய சட்டம் எல்லார் பெயரையும் எழுதச் சொன்னது. கேட்க நியாயமாக இருந்தாலும் விளைவு இன்னும் மோசம். ஒவ்வொரு பெயரும் தனித்தனியாக விற்கக்கூடிய பங்கு ஆனது. வாங்குபவரின் முகவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்துச் சேர்ப்பார். போதுமான பங்கு சேர்ந்ததும் பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போவார். விற்க மறுத்தவர்களும் வழக்குக்கு வந்தே ஆக வேண்டும். அமர்வு நடக்கும் ஊரில் வாரக்கணக்கில் தங்கும் செலவு, நீதிமன்றக் கட்டணம், நில அளவைக் கட்டணம் எல்லாம் கடனாகி, அந்தக் கடனும் கடைசியில் நிலத்தின் தலையில்தான் ஏறும். 1939 வாக்கில் மாவோரிகளிடம் எஞ்சியது வட தீவில் 9 விழுக்காடு, தென் தீவில் 1 விழுக்காடு.

இருபதாம் நூற்றாண்டிலும் ஓட்டை அடைபடவில்லை. நான்கு அல்லது அதற்குக் குறைந்த உரிமையாளர்கள் உள்ள மாவோரி நிலத்தை, அவர்கள் சம்மதம் கேட்காமலே 'பொது நிலமாக', அதாவது மற்றவர்களுடையது போன்ற சாதாரணத் தனியார் நிலமாக, மாற்றும் விதியை 1967 சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 1975-ல் வீனா கூப்பர் தலைமையில் வடகோடியில் உள்ள தே ஹாப்புவாவிலிருந்து வெலிங்டன் வரை நடந்த நிலப் பேரணியின் முழக்கம், 'இனி ஒரு ஏக்கர்கூடப் போகக் கூடாது' என்பது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேர் அந்தக் கோபத்தில் இருக்கிறது.

எது மாவோரி நிலம்?

அந்தச் சட்டத்தின் பெயர் 'தே துரே ஃபெனுவா மாவோரி'. 1993 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிலத்தை மூதாதையர் விட்டுச்சென்ற செல்வம் என்று முகவுரையிலேயே சொல்கிறது. நிலம் உரியவர் கையிலேயே தங்க வேண்டும், அதோடு பயன்படவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. இந்த இரண்டும் பல நேரம் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். வழக்குகள் பலவும் அந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

நாட்டின் எல்லா நிலத்தையும் சட்டம் ஆறு வகையாகப் பிரிக்கிறது. தொடக்கக்காரருக்கு மூன்று போதும். நீதிமன்றம் ஒருபோதும் பத்திரமாக மாற்றாத 'மாவோரி வழக்காற்று நிலம்' மிகமிகக் கொஞ்சமே மிச்சம். அதை விற்கவே முடியாது. நீதிமன்றம் பத்திரம் வழங்கிய 'மாவோரி ஃபிரீஹோல்டு நிலம்' சுமார் 14 லட்சம் ஹெக்டேர், நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 5 விழுக்காடு. பெரும்பாலும் வட தீவில். இந்தக் கட்டுரை பேசுவது இதைப் பற்றித்தான். மூன்றாவது, மாவோரி ஒருவர் சொந்தமாக வைத்திருக்கும் பொது நிலம். ஆக்லாந்தில் அவர் வாங்கிய வீடு இதில் சேரும். அதைத் தன் விருப்பப்படி விற்கலாம். உரிமையாளர் மாவோரி என்பதால் மட்டும் நிலம் மாவோரி நிலம் ஆகிவிடாது. இந்தக் குழப்பம் நியூசிலாந்துக்காரர்களிடையிலேயே உண்டு.

1967 விதியால் வகை மாறிய நிலத்தை மீண்டும் மாவோரி ஃபிரீஹோல்டு வகைக்குத் திருப்ப விண்ணப்பிக்கலாம். எதிர்த்திசையில் போவதுதான் கடினம். உரிமையாளர் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் பொதுவாக வழியில்லை. அதற்குக் குறைவாக இருந்தாலும், பொது நிலமாக்கினால்தான் நன்றாகப் பயன்படும் என்று நீதிபதி ஏற்கும்படி நிறுவ வேண்டும்.

விற்பனைக்குப் போட்ட பூட்டுகள்

ஒவ்வொரு பூட்டும் பழைய ஓட்டை ஒன்றின் மேல் வைத்தது. அப்படிப் பார்த்தால் பிரிவு எண்கள் மனப்பாடம் செய்யாமலே புரியும்.

வீடு வீடாகக் கையெழுத்துச் சேர்த்த முகவரைத் தடுப்பது முதல் பூட்டு. பிரிக்கப்படாத பங்கைத் தனியாகக் கொடுப்பதானால் 'முன்னுரிமை வகுப்பினருக்கு' மட்டுமே கொடுக்கலாம். யார் அவர்கள்? கொடுப்பவரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்த நிலத்தோடு மரபுவழித் தொடர்புள்ள இரத்த உறவினர். அதே ஹபூவைச் சேர்ந்த மற்ற உரிமையாளர்கள். அந்த ஹபூவைச் சேர்ந்த முன்னாள் உரிமையாளரின் சந்ததி. இவர்களுக்காக நிலம் வைத்திருக்கும் அறங்காவலர்கள். மனைவியோ கணவரோ திருமண உறவால் மட்டும் இந்தப் பட்டியலில் வருவதில்லை.

அடுத்தது முழு நிலத்தையும் விற்பதற்கு. மொத்தப் பங்கில் குறைந்தது 75 விழுக்காடு வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் 75 விழுக்காடு அல்ல, எல்லாப் பங்குகளிலும் 75. பட்டியலில் பாதிப்பேர் இறந்தவர்கள் என்றால் இது எவ்வளவு உயரமான சுவர் என்று பாருங்கள். சுவரைத் தாண்டினாலும், முதலில் வாங்கும் உரிமை முன்னுரிமை வகுப்பினருக்கே. அவர்கள் வேண்டாமென்ற பிறகுதான் வெளியார். கடைசியில் நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும்: ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, விலை போதுமானதா, பணம் செலுத்தப்பட்டதா அல்லது உத்தரவாதம் உண்டா, அறங்காவலர் கடமை மீறப்பட்டதா என்றெல்லாம் பார்த்த பிறகே.

நீண்ட குத்தகையையும் சட்டம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. புதுப்பிப்புக் காலத்தையும் சேர்த்து 52 ஆண்டுக்கு மேல் போனால் 50 விழுக்காடு பங்கின் சம்மதம் தேவை. குத்தகைக்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்கள் வட தீவின் தாரனாக்கிப் பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே மாவோரிகளுக்கென ஒதுக்கிய நிலங்கள் 21 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் நிரந்தரக் குத்தகையில் குடியேறியவர்கள் கைக்குப் போயின. புதுப்பிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை குத்தகைதாரருக்கு. 21 ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே திருத்திய வாடகை விலைவாசிக்கு வெகுவாகப் பின்தங்கியது. சொந்த நிலத்தில் கால்வைக்க முடியாத உரிமையாளர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். வாடகையைச் சந்தை நிலவரத்துக்குக் கொண்டுவந்து, 7 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தும் சட்டம் 1997-ல்தான் வந்தது. குத்தகைகளோ இன்றும் தொடர்கின்றன.

உள்ளாட்சி வரி பாக்கிக்காக மாவோரி ஃபிரீஹோல்டு நிலத்தை ஏலம் விட முடியாது. பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போகும். பழைய பாக்கிக்குப் பயந்தே பலர் நிலத்தை எடுத்துப் பயன்படுத்தத் தயங்கினார்கள். 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் முழுவதும் பயன்படுத்தாத மாவோரி நிலத்துக்கு வரியில்லை என்றாக்கியது. வசூலாகாத பாக்கியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தையும் உள்ளாட்சி மன்றங்களுக்குக் கொடுத்தது.

பூட்டாத கதவும் ஒன்று உண்டு: பொதுப்பணிக்காக அரசு கையகப்படுத்துவது. இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளத்துக்கென்று ராக்லனில் எடுத்த நிலம், போர் முடிந்தும் திரும்பாமல் கோல்ஃப் மைதானமானது. 1978-ல் ஈவா ரிக்கார்டும் மற்றவர்களும் அங்கே அமர்ந்து கைதான பிறகுதான் விவகாரம் நகர்ந்து, பின்னாளில் நிலம் திரும்பியது. இந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது: 'மாவோரி ஒதுக்கீடு'. மரயே எனும் குலக்கூடம், இடுகாடு, புனித இடம் போன்றவற்றைச் சட்டத்தின் 338-ஆம் பிரிவின்கீழ் ஒதுக்கினால் அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. வெலிங்டனுக்கு வடக்கே வைகனாயேயில் விரைவுச்சாலைக்குக் கேட்கப்பட்ட ஒரு குடும்ப நிலம் 2014-ல் இப்படி ஒதுக்கப்பட்டது. பிறகு சாலைத் துறையால் அதைக் கட்டாயமாக எடுக்க முடியவில்லை.

பங்கு ஏன் பொடியாகிறது

பழைய சட்டம் கலைத்த குல உரிமையை 1993 சட்டம் மீண்டும் ஒட்டவில்லை. 1873-ன் தனிப்பங்கு அப்படியே இருக்கிறது. வெளியே போகும் வழியைத்தான் அடைத்தார்கள். வெளியே போக முடியாத பங்கு உள்ளேயே உடைந்துகொண்டு போகிறது.

கணக்குக்காக 40 ஹெக்டேர் நிலம், பத்து உரிமையாளர்கள் என்று வைப்போம். ஆளுக்கு 4 ஹெக்டேர். ஒவ்வொருவருக்கும் நான்கு பிள்ளைகள் என்றால் அடுத்த தலைமுறையில் 40 பேர், ஆளுக்கு 1 ஹெக்டேர். மூன்றாம் தலைமுறையில் 160 பேர், நான்காவதில் 640. ஐந்தாவதில் 2,560 பேர், ஆளுக்கு சுமார் 156 சதுர மீட்டர். ஒரு கிரவுண்டுகூடத் தேறாது. அந்த நிலம் ஆண்டுக்கு 8,000 டாலருக்குக் குத்தகை போனால் ஆளுக்கு 3 டாலர் சொச்சம். அதை அனுப்பும் செலவே அதற்கு மேல் ஆகும். அம்மா வழியில் சில நிலம், அப்பா வழியில் சில நிலம் என்று வருவதால், ஒருவரே பல பிளாக்குகளில் இப்படித் துணுக்குத் துணுக்காகப் பங்கு வைத்திருப்பார்.

வாரிசு விதி எளிது. உயில் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சமபங்கு. பிள்ளை இல்லாவிட்டால், பங்கு எந்தப் பெற்றோர் வழியில் வந்ததோ அந்த வழிச் சகோதரர்களுக்குப் போகும். உயில் எழுதினாலும் முன்னுரிமை வகுப்பைத் தாண்டி எழுத முடியாது. உயிரோடிருக்கும் துணைக்குக் குடும்ப வீட்டில் தங்கும் உரிமையும் பங்கின் வருமானமும் உண்டு. பங்கு மட்டும் இரத்த வழிக்கே. வளர்ப்புப் பிள்ளை வாரிசா என்பதை அந்தக் குடும்பத்தின் அல்லது ஹபூவின் மரபைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும்.

இறந்ததும் பங்கு தானாக மாறாது என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். யாராவது விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, உயில் இருந்தால் அது, எல்லாப் பிள்ளைகளின் பெயர் விவரம், இறந்தவர் பெயரில் எந்தெந்த பிளாக்கில் எவ்வளவு பங்கு என்ற விவரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். 2021 பிப்ரவரி 6 முதல், தகராறில்லாத எளிய விண்ணப்பத்தைப் பதிவாளரே முடித்துவிடலாம். நீதிபதி முன் போக வேண்டியதில்லை. தாத்தாவுக்கே மாற்றம் நடக்கவில்லையென்றால் தாத்தாவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கி வர வேண்டும். ஒரு பெயரைத் திருமணத்துக்கு முந்தைய பெயரிலும், பிந்தைய பெயரிலும், செல்லப்பெயரிலும் எழுதியிருந்தால் மூவரும் ஒருவரே என்று நிறுவுவதிலேயே மாதங்கள் போகும். இதற்குப் பழைய அமர்வுக் குறிப்பேடுகளே கதி. நிலத்தைக் கரைத்த அதே அமர்வுகள் விட்டுப்போன வம்சாவளிப் பதிவுகள்தான் இன்று உரிமையை நிறுவ உதவுகின்றன.

பொடியாவதை நிறுத்த இருக்கும் கருவி 'ஃபானாவ் அறக்கட்டளை', அதாவது குடும்ப அறக்கட்டளை. உடன்பிறந்தவர்கள் தங்கள் பங்குகளைப் பாட்டி பெயரில் ஒன்றாக்கி வைக்கிறார்கள். அதன்பின் வாரிசு மாற்றமே தேவையில்லை. பட்டியலில் பாட்டி பெயர் ஒன்றே நிற்கும். ஈடாக, வருமானத்தைத் தனியாளாகக் கேட்கும் உரிமை போய்விடும். கல்வி, ஈமச்சடங்கு போன்ற பொதுக் காரியங்களுக்கு அறக்கட்டளை செலவிடும். 3 டாலரை இழப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. பட்டியலிலிருந்து தன் பெயர் மறைவதற்குத்தான் பலர் இறங்கிவர மாட்டார்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு வருமானச் சீட்டல்ல, இந்த மண்ணில் நிற்க எனக்கு இடமுண்டு என்ற சாட்சி.

நிலத்தை நடத்துவது

இரண்டாயிரம் பேர் சேர்ந்து ஒரு குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட முடியாது. எனவே யாராவது சிலர் எல்லார் சார்பிலும் நிற்க வேண்டும். இதற்குப் பல வடிவங்கள் உண்டு. மிகுதியாகப் பயன்படுவது 'அஹு ஃபெனுவா அறக்கட்டளை'. பெரிய பண்ணை நடத்துபவர்கள் மாவோரி கூட்டுநிறுவனம் அமைப்பார்கள்; அது நிறுவனம் போலவே பங்குதாரர், மேலாண்மைக் குழு, ஆண்டுக் கூட்டம், தணிக்கை என்று நடக்கும். யாருமே முன்வராத நிலங்களுக்கு 1920-ல் உருவான மாவோரி அறங்காவலர் பதவி இருக்கிறது. அதன் அலுவலகம் பெயர் தே துமு பயேரோவா.

அஹு ஃபெனுவா அறக்கட்டளை அமைப்பது இப்படி. முதலில் இணையவாசலிலிருந்து உரிமையாளர் பட்டியலை எடுக்க வேண்டும். ஏற்கெனவே வேறு அமைப்பு இருக்கிறதா என்றும் அதிலேயே தெரியும். பிறகு 'ஹுயி' எனும் கூட்டத்துக்கு அறிவிப்பு: தெரிந்த முகவரிகளுக்குக் கடிதம், நாளிதழ் விளம்பரம், மரயேயிலும் முகநூலிலும் செய்தி. அறிவிப்பில் எந்த நிலம், என்ன முன்மொழிவு, எங்கே, எப்போது என்பது தெளிவாக இருக்க வேண்டும். கூட்டத்தில் அறங்காவலர்களைத் தேர்ந்து, அறக்கட்டளை ஆணையின் வரைவை விவாதித்து, வந்தவர் பட்டியல், ஆதரித்தவர், எதிர்த்தவர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். தேர்வானவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, 215-ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பம். ஆணை கிடைத்ததும் நிலம் அறங்காவலர்கள் பெயருக்கு மாறும். அதை நிலப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும்.

நீதிபதி கேட்கும் முக்கியக் கேள்விகள்: உரிமையாளர்களுக்குப் போதிய அறிவிப்பு கிடைத்ததா, பேசிப் பார்க்க வாய்ப்பிருந்ததா, எதிர்ப்பில் சாரம் இருக்கிறதா? விண்ணப்பங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே சறுக்கும். ஒரு கிளையின் உறவினர்கள் மட்டும் கூடி, தங்களுக்குள் தேர்ந்து, மற்றக் கிளைக்குச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். கூட்டத்தைத் திரும்பக் கூட்டச் சொல்லி நீதிமன்றம் அனுப்பிவிடும்.

அறங்காவலர்கள் பெரும்பான்மைப்படி முடிவெடுக்கலாம். ஆனால் அவர்கள் உரிமையாளர்களின் தலைவர்கள் அல்லர். ஆணையில் எழுதியதைச் செய்வது, சொத்தைக் காப்பது, வருமானத்தைச் சேர்த்துப் பகிர்வது மட்டுமே கடமை. தம்பி மகனுக்குக் குறைந்த வாடகையில் குத்தகை, கணக்கு காட்டாத ஆண்டுகள், இறந்த அறங்காவலரின் இடத்தை நிரப்பாமலே ஓட்டுவது ஆகியவை திரும்பத் திரும்ப வழக்காகும் தவறுகள். எந்த உரிமையாளரும் கணக்கைக் கேட்டு, அறக்கட்டளையை மறுபரிசீலிக்கச் சொல்லி, ஏன், அறங்காவலரை நீக்கச் சொல்லியும் நீதிமன்றம் போகலாம். தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் மாவோரி மேல்முறையீட்டு நீதிமன்றம். இப்போது வழக்குக்கு முன் சமரசப் பேச்சுக்கும் சட்டத்திலேயே இடமுண்டு. மரபு அறிந்த நடுவரைத் தரப்பினரே தேர்ந்துகொள்ளலாம்.

வீடு கட்ட ஆசைப்பட்டால்

நகரத்திலிருந்து திரும்பி, பாட்டி நிலத்தில் வீடு கட்ட நினைப்பவர் பாகப்பிரிவினை கேட்கத்தான் முதலில் ஓடுவார். அது கடைசி வழி. போதிய ஆதரவும், நிலத்தை நன்றாகப் பயன்படுத்தப் பிரிப்பது அவசியம்தான் என்ற நிரூபணமும் வேண்டும். சர்வே, சாலை, வடிகால் செலவு வேறு. எளிய வழி 'குடியிருப்பு ஆணை'. நிலத்தின் ஒரு மூலையில் வீடு கட்டி வாழும் தனி உரிமையை அது தரும். மண் எல்லார் பெயரிலேயே இருக்கும். மற்ற உரிமையாளர்களின் கருத்து, அவர்கள் பங்குக்கு வரும் பாதிப்பு, நிலத்தின் மொத்தப் பயன்பாடு எல்லாம் பார்த்தே நீதிமன்றம் கொடுக்கும். அதற்கு முன்பே உள்ளாட்சி மன்றத்தில் அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று விசாரித்துவிடுவது நல்லது. வேளாண் மண்டலத்தில் எத்தனை வீடு என்ற வரம்பு பலரின் திட்டத்தைக் கவிழ்த்திருக்கிறது. நிலத்துக்குப் பாதை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாற்புறமும் அடுத்தவர் நிலம் சூழ்ந்த மாவோரி நிலம் நிறைய. நியாயமான வழி கேட்டு விண்ணப்பிக்க 2002 முதல் சட்டத்தில் இடம் உண்டு.

அடுத்து வங்கி. எளிதில் ஏலம் விட முடியாத நிலத்தின் மேல் வங்கி பொதுவாகக் கடன் கொடுக்காது. பாதுகாப்பின் விலை இது. அரசின் ஆதரவோடு கிவிபேங்க் கொடுக்கும் 'காயிங்கா ஃபெனுவா' கடன் இதை ஒரு விதத்தில் சுற்றிக்கொண்டு போகிறது: அடமானம் நிலம் அல்ல, வீடு மட்டும். எனவே வீடு கான்கிரீட் தளத்தில் பதியாமல் தூண்கள் மேல், ஒரே மாடியாக, லாரிக்கு எட்டும் இடத்தில் நிற்க வேண்டும். தவணை நின்றால் வங்கி வீட்டைத் தூக்கிக்கொண்டு போகும். தூண்கள் நின்ற குழிகள் மட்டும் உரிமையாளர்களுக்கு மிச்சம்.